கழுத்தடிப் பட்டு

அந்தக் கிதார் என்ன நிறம் என்பதில்கூட எனக்கு இப்போது நிச்சயம் இல்லை. பழுத்த மிளகாய்ச் சிவப்பு என்றுதான் மனதில் இருக்கிறது. ஆனால் நானே எடுத்த படம் ஒன்று பழைய போனில் மிஞ்சியிருக்கிறது. அதில் அது காய்ந்த கொட்டைப்பாக்கின் நிறத்தில் கிடக்கிறது. மழைநாள் வெளிச்சம் அப்படிக் காட்டியிருக்கலாம். நான் தப்பாக நினைவு வைத்திருக்கவும் கூடும். ஐப்பசியா கார்த்திகையா என்பதும் குழப்பம். கிதார் நிறமே இப்படி என்றால், அந்த வீட்டில் பேசப்பட்ட சொற்களை நான் சரியாகச் சொல்லுவேன் என்று யாரும் நம்ப வேண்டியதில்லை. யார் யார் எப்போது பேசாமல் இருந்தார்கள் என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் வேணுகோபால் வீட்டின் பின்கட்டில் அப்போது குடியிருந்தேன். பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றில் வேலை. முன்கட்டில் தறி. பள்ளத் தறி, குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதிப்பது. பகலெல்லாம் வேணுகோபாலும் அவர் மனைவி மங்கையர்க்கரசியும் மாறி மாறி உட்காருவார்கள். அந்தச் சத்தம் எனக்குப் பழகிவிட்டது. அது நின்றால்தான் புத்தகத்திலிருந்து தலைதூக்கிப் பார்ப்பேன்.

அந்த மழையில் சத்தம் நின்றுவிட்டது. ஓட்டுக்கூரை நான்கைந்து இடங்களில் ஒழுகி, தறிக்குழியில் முழங்கால் தண்ணீர். தறியில் நீட்டியிருந்த பாவு நூல் நனையாமல் இருக்க அதன்மேல் பாலிதீன் விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்திருந்தார்கள். மங்கையர்க்கரசி ஈயச் சொம்பால் குழியை இறைப்பார். இறைத்து நிமிரும்போது மறுபடி ஊறியிருக்கும்.

"சார், கெணறு வெட்டுனாக்கூட இவ்ளோ சீக்கிரம் தண்ணி வராது" என்றார் ஒருநாள். சிரிக்கவில்லை.

கூரையை மாற்றத்தான் கிதாரை விற்பது என்று முடிவானது. முடிவு செய்தது அவர்கள் மகள் ஜீவிதா. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. வேணுகோபால் சின்ன வயதில் மெல்லிசைக் குழு ஒன்றில் கிதார் வாசித்தவர். பெரம்பூரில் ஊரைவிட்டுப் போகிற ஒருவரிடமிருந்து வாங்கிய எலக்ட்ரிக் கிதார். அவர் வாங்கும்போதே அது இருபது வயதுக்கும் மேலானதாம். குழு கலைந்து, கூட வாசித்தவர்கள் ஒவ்வொருவராகப் போய், கடைசியில் பெட்டிக்குள் படுத்துக்கொண்டது. விற்கலாமா என்று ஜீவிதா கேட்டபோது அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். சரி என்றும் எடுத்துக்கொள்ளலாம், கழுத்து வலி என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

"இத்த எவன் வாங்குவான்?" என்றார் மங்கை. "வாங்குறேன்னு சொல்றவன் மேலதான் எனக்கு சந்தேகமே."

"மா, இது வின்டேஜ்மா. பழசுக்குத்தான் மவுசு."

"பழசுக்கு மவுசுன்னா என்னிய எடுத்துக்கினு போவச் சொல்லு. உங்க அப்பாவையும் சேத்து."

படம் எடுக்கும் வேலை எனக்கு வந்தது, என் போனில் கேமரா கொஞ்சம் நன்றாக இருந்ததால். நான் போனபோது கிதாரைத் தரையில் கோணிமேல் படுக்கவைத்து மங்கை தேய்த்துக்கொண்டிருந்தார். உடம்புக்குத் தேங்காய் எண்ணெய். உலோகப் பகுதிகளுக்கு விபூதி. பூஜைப் பாத்திரம் துலக்குவதுபோல, ஒவ்வொரு திருகையும் துணிமுனையால். பச்சை பிடித்துக் கிடந்ததெல்லாம் பளபளத்தது. வேணுகோபால் வாசற்படியில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

இன்னொன்றையும் பார்த்தேன். கிதாரின் தலையில் கம்பிகளை முறுக்கும் ஆறு காதுகளிலும் அரக்குப் பட்டு நூலில் சின்னச் சின்ன முடிச்சு.

"எதுக்குங்க இது?"

"அடையாளம். நாளைக்கு எவனாச்சும் பாக்கறேன்னு வந்து ஒண்ணைக் கழட்டிக்கினு வேற ஒண்ணை மாட்டிட்டான்னா?"

அது அவர் வழக்கம். ரிப்பேருக்குப் போகும் மிக்சியின் ஒயரில், ரேஷன் பையில், கேஸ் சிலிண்டர் கைப்பிடியில் எல்லாம் அந்த நூல் இருக்கும். ஒருமுறை எனக்கு வற்றல்குழம்பு கொடுத்தனுப்பிய தூக்கிலும் இருந்தது. பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தபோது நூலைப் பார்த்த பிறகுதான் உள்ளே கொண்டுபோனார். முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு ஜீவிதா காரணம் சொன்னாள்.

மங்கை கல்யாணமாகி வந்த புதிது. நெய்வதற்கு வேண்டிய பட்டையும் ஜரிகையையும் முதலாளி எடைபோட்டுக் கொடுப்பார். நெய்த சேலையை எடைபோட்டு வாங்குவார். ஒரு சேலை எடை குறைந்தது. பிரித்துப் பார்த்தார்கள். முந்தானையில் மூன்று ஜரிகைப் பட்டை இருக்க வேண்டும், இரண்டுதான் இருந்தது. ஓரப் பட்டையை யாரோ முழு அகலத்துக்கும் நேராக வெட்டி எடுத்திருந்தார்கள். ஊரில் எவனும் வேறு மாதிரி யோசிக்க மாட்டான். ஜரிகையை எரித்தால் வெள்ளி. வெள்ளிக்காகத்தான் வெட்டியிருக்கிறார்கள்.

மாமியார் முதலில் மருமகளைத்தான் பார்த்தார். அந்த ஓரப் பட்டையை நெய்தபோது ஒரு நூல் எழும்பாமல் போய், ஜரிகையில் வரும் ருத்திராட்சக் கொட்டை வடிவங்களில் ஒன்று பாதியாக விழுந்துவிட்டது. அந்தப் பிசகை மறைக்க இவளே வெட்டிவிட்டாள் என்றார். அப்போது மங்கை வாயைத் திறந்தார். நாத்தனார் துர்காதேவி, தெருவில் வந்து பழைய ஜரிகைக்குப் பாத்திரம் கொடுக்கிற ஜரிகைக்காரனிடம் நின்று பேசியதைப் பார்த்தேன் என்றார். துர்காவின் பெட்டியைத் திறந்தார்கள். புது எவர்சில்வர் சொம்பு ஒன்று இருந்தது. கிழிந்த பழைய சேலையைப் போட்டு வாங்கியது என்று அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. பக்கத்தில் கூரம் என்ற கிராமத்தில் இருந்த சித்தப்பா வீட்டுக்கு அவளை அனுப்பிவிட்டார்கள். அவரே அந்த ஊரில் மாப்பிள்ளை பார்த்துக் கட்டிக்கொடுத்தார். அதற்குப் பிறகு துர்காதேவி இந்த வாசலை மிதிக்கவில்லை. அப்பா அம்மா சாவுக்குக்கூடச் சுடுகாட்டு வழியில் நின்று பார்த்துவிட்டுப் போனாராம்.

"எங்க அத்தையை நான் ரெண்டே தரம்தான் சார் பாத்திருக்கேன்" என்றாள் ஜீவிதா. "அம்மா அன்னிலேர்ந்துதான் இப்புடி. யார் மேலயும் நம்பிக்கை கெடையாது. நூல் கட்டிக்கினே இருக்கும்."

படங்களை ஆன்லைனில் விற்பனைக்குப் போட்ட மறுநாளே பெங்களூரிலிருந்து அபி என்ற ஒருவன் பேசினான். பூர்வீகம் சென்னை, பழைய கிதார்கள் சேர்ப்பவன். ஜீவிதா போனை ஸ்பீக்கரில் வைத்தாள். மங்கை போனைப் பார்த்து முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஹார்ட்வேர் எல்லாம் ரொம்ப புதுசா இருக்கே. ஒரிஜினல்தானா? மாத்திட்டீங்களா?"

"ஒரிஜினல்தாங்க. அம்மா தொடச்சாங்க."

"தொடச்சாங்களா? எதால?"

ஜீவிதா அம்மாவைப் பார்த்தாள். "விபூதியால."

 பிறகு அவன் பொறுமையாகச் சொன்னான். பழைய சாமானின் துருவும் அழுக்கும்தான் அதன் வயசுக்குச் சாட்சி. அதை எடுத்துவிட்டால் எப்படி நம்புவது? கழுத்தை உடம்போடு பிடித்திருக்கும் நாலு திருகையும் கழற்றி, கழுத்தின் அடிப்பாகத்தைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். செய்த வருஷம் அங்கே முத்திரையிட்டிருக்கும். அதைப் பார்த்தால்தான் மேற்கொண்டு பேச முடியும்.

போன் வைத்ததும் மங்கை சொன்னார்: "அழுக்கா இருந்தா நல்லதாம், சுத்தமா இருந்தா திருட்டுப் பொருளாம். பாத்தியா, ஆரம்பமே பேஜாரு. பிரிக்கச் சொல்றான். பிரிச்சப்புறம் ஒட்டாதுன்னு வெலையைக் கொறைப்பான்."

கழற்ற வந்தவர் சிவராஜ். கோயில் உற்சவங்களுக்கு மைக் செட் போடுகிறவர். அந்தக் காலத்தில் வேணுகோபாலின் குழுவுக்கும் ஒலிபெருக்கி வைத்தவர்தான். மழையில் நனைந்துகொண்டே டூல் பையோடு வந்தார். மங்கை அரிசி உப்புமாவும் கத்திரிக்காய் கொத்சும் கொடுத்தார். அவர் சாப்பிடும் நேரத்தில் பின்பக்கத்து நாலு திருகிலும் நூல் சுற்றிவிட்டார்.

சிவராஜ் கை கழுவி வந்து பார்த்தார். "யக்கா, இன்னா இது? திருகுக்குத் தாலி கட்டி வச்சிருக்கே?"

"நீ பிரி. பிரிச்சதையே திரும்ப மாட்டுறியான்னு பாக்கத்தான்."

"இந்தப் பழைய நாலு ஸ்குருவை எடுத்துக்கினு போயி நான் மாடி வூடா கட்டப் போறேன்?"

"கட்டுனவன் இருக்கான்."

"அண்ணே, நீ எப்புடிண்ணே இவ்ளோ காலம் குடும்பம் நடத்துனே?" என்று வேணுகோபாலிடம் திரும்பினார் சிவராஜ். வேணுகோபால் எழுந்து கூரையைப் பார்த்தார். "ஓட்டுக்கு மேல ஒரு சாக்குப் போட்டுட்டு வரேன்" என்று வெளியே போனார். அந்த மழையில் எதற்குப் போகிறார் என்று எனக்கு அப்போது தோன்றியது. தோன்றியதாக இப்போது நினைக்கிறேனோ என்னவோ.

திருகுகள் வர மறுத்தன. சிவராஜ் எண்ணெய் விட்டுத் தட்டித் தட்டிக் கழற்றினார். கம்பிகளைத் தளர்த்திக் கழுத்தை ஆட்டி எடுத்தபோது, மரம் மரத்தைவிட்டுப் பிரியும் சின்னச் சத்தம். நான் போனோடு குனிந்தேன். அடியில் மங்கலாக ஒரு முத்திரை, எழுத்தும் எண்ணும். படம் எடுத்தேன்.

"ஆங், வச்சிருக்காரு பாரு" என்றார் சிவராஜ். கழுத்து உட்காரும் குழியில் மடித்த துணி ஒன்று அப்பிக்கொண்டு கிடந்தது. "சில கிதாருல கம்பி பலகையை விட்டு ஒசரமா நிக்கும். அமுக்குனா விரலை அறுத்துடும். கழுத்துக்கடியில எதுனா வச்சுக் கொடுத்தா கம்பி எறங்கும். சீட்டுக்கட்டுலேர்ந்து ஒரு சீட்டு வைப்பாங்க, சினிமா டிக்கெட்டு வைப்பாங்க. காஞ்சிபுரத்துக்காரன் பட்டையே வச்சிருக்காரு!"

அவர் அதைத் திருப்புளி முனையால் நெம்பி எடுத்தார். சிரித்துக்கொண்டே மங்கையிடம் நீட்டினார்.

மங்கை வாங்கினார். மடிப்பு பிரிய மறுத்தது. மடியில் வைத்து, கட்டைவிரலால் ஓரத்திலிருந்து மெல்லத் தள்ளினார். ஒரு சாண் நீளம், இரண்டு விரல் அகலம். அரக்குப் பட்டில் ஜரிகை. வெளிச்சம் படாததால் மங்காமல் இருந்தது. வரிசையாக ருத்திராட்சக் கொட்டைகள். அவர் விரல் அந்த வரிசையில் ஊர்ந்தது. ஓரிடத்தில் நின்றது. அங்கே ஒரு கொட்டை பாதிதான் இருந்தது.

சிவராஜ் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். ஜீவிதா "இன்னாம்மா?" என்றாள். மங்கை விரலை எடுக்கவில்லை. தறிக்குழியில் கூரைத் தண்ணீர் சொட்டுவதுதான் கேட்டது.

"சிவராஜு, நீ அப்புறமா வா" என்றார் கடைசியில்.

"மாட்டிட்டுப் போறேனேக்கா."

"அப்புறமா வா."

அவர் போனார். நானும் எழுந்தேன். "சார், நீங்க இருங்க" என்றார் மங்கை. ஏன் என்று தெரியாமல் இருந்தேன்.

வேணுகோபால் நனைந்த சாக்கோடு உள்ளே வந்தார். மனைவியின் மடியைப் பார்த்தார். சாக்கை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"இது இன்னாங்க?"

அவர் சாக்கை இன்னொரு கைக்கு மாற்றினார்.

"இது என் கை. இந்தப் பிசகு என் கைப் பிசகு. ஒங்கம்மா என்னிய நடுவூட்ல நிக்கவச்சுக் கேட்டாங்களே, அந்தப் பட்டை. இது எப்புடி அதுக்குள்ள போச்சு?"

"மங்கை..."

"நீ வெட்டினியா?"

அவர் கணவரை 'நீ' என்று சொல்லி அன்றுதான் கேட்டேன். வேணுகோபால் சாக்கைக் கீழே போட்டார். தறிமரத்தைப் பிடித்துக்கொண்டு, குழித் தண்ணீரைப் பார்த்தபடி பேசினார். மிக மெதுவாக, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நிறைய இடம் விட்டு.

"கம்பி ஒசந்து நின்னுது. அட்டை வச்சேன், நசுங்கிப் போச்சு. சிகரெட் பெட்டி வச்சேன், அதுவும். ஜரிகை நசுங்காது."

"அதுக்கு முந்தானையை வெட்டுவியா?"

"ஒண்ணு போனா ரெண்டு இருக்குதே, டிசைனே அப்புடித்தான்னு நெனச்சிக்குவாங்கன்னு... நேரா வெட்டினேன். ஓரம் கோணக்கூடாதுன்னு."

"எடை?"

"எடையை நெனைக்கல."

"தறிக்காரன் வூட்ல பொறந்துட்டு எடையை நெனைக்கல!" மங்கை ஒரு மாதிரிச் சிரித்தார். "மீதி எங்க?"

"வேகவதி ஆத்துல போட்டேன்."

"வெள்ளியைக்கூட எடுக்கல."

"இல்ல."

ஜீவிதா கதவில் சாய்ந்து நின்றாள். "அப்பா, அத்தையை அனுப்பினாங்களே, அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"வந்தவாசில கச்சேரி. வந்து பாத்தப்ப அவளை அனுப்பிட்டிருந்தாங்க. எங்கப்பா சோறு துண்ணாம படுத்திருந்தாரு. ஒங்கம்மா அழுதுக்கினு இருந்தா. சொல்லலாம்னுதான் வாயைத் தொறந்தேன். அப்பா கிதாரை ஒடச்சிப்புடுவாருன்னு..." நிறுத்தினார். "மறுநாள் சொல்லலாம்னு இருந்தேன். மறுநாள் வந்தா, நேத்தே ஏன் சொல்லலன்னு கேப்பாங்களேன்னு இருந்தது. அப்புறம் தெனம் அதான்."

 மங்கை துணியை முன்பிருந்த மடிப்பிலேயே மடித்தார். எழுந்து சொம்பை எடுத்துக் குழியை இறைக்கத் தொடங்கினார். நெடுநேரம் இறைத்தார். நான் எப்போது அங்கிருந்து போனேன் என்பது நினைவில் இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாள் அந்த வீட்டில் பேச்சே இல்லை. தட்டு வைக்கும் சத்தம் கேட்கும், எடுக்கும் சத்தம் கேட்கும். மங்கை வாசலில் நின்று தெருவில் போகிற ஒவ்வொருவரையும் பார்ப்பார். முன்பெல்லாம் சந்தேகத்தோடு பார்ப்பார். இப்போது அவர்கள் தன்னைச் சந்தேகப்படுகிறார்களா என்று பார்ப்பதுபோல் இருந்தது. முப்பது வருஷமாக அடுத்தவர் கையைக் கவனித்துக்கொண்டிருந்தவர், பக்கத்திலேயே இருந்த கையை விட்டுவிட்டார்.

அபிக்கு முத்திரைப் படம் பிடித்துப்போயிற்று, விலையும் சொன்னான். ஆனால் ஜீவிதா அனுப்பிய படம் ஒன்றின் மூலையில் துணி தெரிந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் அதிகம் கேட்டான்.

"அது என்ன, சில்க்கா? அதைத் தூக்கிப் போட்றாதீங்க. அதோடதான் எனக்கு வேணும். அதுதான் இந்தக் கிதாரோட கதை. நான் சொன்ன விலை அதையும் சேத்துத்தான்."

"அது குடுக்க முடியாதுங்க."

"ஏன்? முதல்ல இருந்தது இப்ப இல்லன்னா, வேற எதெல்லாம் எடுத்தீங்கன்னு எனக்குத் தெரியாதே."

மங்கை முதல் தடவையாக அந்தப் போனைப் பார்த்துப் பேசினார். "தம்பி, அது இன்னொருத்தவங்களுது. அவங்ககிட்ட சேக்கணும். அது இல்லாம வேணும்னா எடு. வேணாம்னா வுட்று."

போனை வைத்ததும் ஜீவிதா சொன்னாள்: "மா, கூரை என்னாவறது? ஒரு சாண் இருக்குது. பாதியை அத்தைக்குக் குடு, பாதியை இவனுக்குக் குடு. ரெண்டு பேருக்கும் ஆச்சு."

மங்கை மகளை நிமிர்ந்து பார்த்தார். "இன்னொரு தரம் வெட்டச் சொல்றியா?"

மறுநாள் என் கதவைத் தட்டினார். கையில் மஞ்சள் பை. "சார், கூரம் வரைக்கும் வரணும். துணியைப் பிரிச்சப்ப நீங்க இருந்தீங்க. நான் சொன்னா அவ நம்ப மாட்டா. நானா இருந்தாலும் நம்ப மாட்டேன்."

ஆட்டோவில் வேணுகோபால் முன்னால், டிரைவர் பக்கத்தில். நாங்கள் பின்னால். மழை விட்டிருந்தது. வழியெல்லாம் ஏரிகள் நிறைந்து, வயல் எது தண்ணீர் எது என்று தெரியவில்லை.  டிரைவர் இரண்டு தரம் எங்களைக் கண்ணாடியில் பார்த்தார்.

துர்காதேவி வீட்டுக்கு முன்னால் இரண்டு மாடுகள். கணவர் இறந்துவிட்டார், பால் ஊற்றிப் பிழைக்கிறார். நாங்கள் போனபோது விளிம்பு பிளந்து கம்பியால் தைத்த ஒரு வாளியில் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் சாயல், அதே ஒட்டிய கன்னம்.

"வாண்ணா" என்றார். பிறகு மங்கையைப் பார்த்தார். "அண்ணியும் வந்திருக்காங்களா."

உட்காரச் சொல்லவில்லை. மங்கை பையிலிருந்து துணியை எடுத்து நீட்டினார். துர்காதேவி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். பிரித்துப் பார்த்தார். பாதிக் கொட்டையின்மேல் விரலை வைத்தார். அது எங்கே இருக்கும் என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

மங்கை எல்லாவற்றையும் சொன்னார். அழாமல், நேராக. கிதார், கழுத்து, திருகு, சிவராஜ், இவர் வெட்டினது. "நான்தான் ஒன் பேரை எடுத்தேன். என்னியக் காப்பாத்திக்கத்தான் எடுத்தேன். ஆனா நெஜமாவே நீதான்னு நெனச்சேன் துர்கா. இந்த வாரம் வரைக்கும் நெனச்சேன்."

ஒரு மாடு தலையை ஆட்டியது. துர்காதேவி துணியை மடித்தார்.

"சரி. எதுல கையெழுத்துப் போடணும்?"

"கையெழுத்தா?"

"வூட்டை இடிச்சுக் கட்டப் போறீங்கன்னு காதுல வுழுந்துது. பொறந்தவளுக்கும் பங்கு உண்டுன்னு எவனாச்சும் சொல்லியிருப்பான். அதான் பட்டுத் துணியோட வந்திருக்கீங்க. இவரு யாரு, வக்கீலா?"

"ஐயோ, சாரு நம்ம பின்கட்டுல குடியிருக்காரு. இதைப் பிரிச்சப்ப கூட இருந்தாரு. கூரை ஒழுகுதும்மா, ஓடு மாத்தறோம், அவ்ளோதான். ஒரு கையெழுத்தும் வேணாம். நீ நம்பணும்னுதான் இவரை இட்டாந்தேன்."

"சாட்சியா?" துர்காதேவி என்னை மேலும் கீழும் பார்த்தார். குரல் உயரவில்லை. "அன்னிக்கு நீங்க என்னியச் சொன்னப்ப யாரனா சாட்சி கேட்டாங்களா அண்ணி?"

மங்கை தலையைக் குனிந்துகொண்டார். நானும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீ ஏண்ணா ஒண்ணும் பேச மாட்டேன்றே? வாயில இன்னா வச்சிக்கினு இருக்கே?"

"நான்தான் வெட்டினேன்" என்றார் வேணுகோபால்.

"ம்."

"நான்தான் துர்கா."

துர்காதேவி மாட்டின் கழுத்துக் கயிற்றைத் தளர்த்திவிட்டார். அதன் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டே பேசினார். "என்னிய இங்க கொண்டாந்து வுட்டு ஒரு மாசம் இருக்கும். இந்த ஊரு கோயில் திருவிழாவுக்கு ஒங்க பார்ட்டி வந்துது. நீ மேடையில நின்னே. சட்டையெல்லாம் பளபளன்னு. சித்தி போவாதேன்னுச்சு, நான் கூட்டத்துக்குப் பின்னாடி நின்னுக்கினு கேட்டேன். நீ வாசிச்சப்ப எல்லாரும் கை தட்டுனாங்க. அவங்களோட சேந்து நானும் தட்டினேன். எங்கண்ணன் பாரு, எவ்ளோ நல்லா வாசிக்குதுன்னு பக்கத்துல இருந்த பொம்பளைகிட்ட சொன்னேன்." சொறிந்த கை நின்றது. "அப்ப அதுக்குள்ளதான் இது இருந்துதா?"

வேணுகோபால் தலையசைத்தார்.

 துர்காதேவி உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தார். எனக்குக் கையில் கொடுத்தார். அண்ணனுக்கும் கையில் கொடுத்தார். மங்கையின் டம்ளரைப் பக்கத்திலிருந்த கல்மேல் வைத்தார். மங்கை அதை எடுத்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

கிளம்பும்போது மங்கை சொன்னார்: "அதை நீயே வச்சிக்க."

"வச்சிக்கினு? யார்கிட்ட காட்டறது? கேட்டவங்க எல்லாம் செத்துப் போயிட்டாங்க" என்றார் துர்காதேவி. ஆனாலும் திருப்பிக் கொடுக்கவில்லை. மாடத்தில் தீப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

திரும்பி வருகையில் ஆட்டோவில் மங்கை ஒன்றே ஒன்று சொன்னார். "கையெழுத்துக்குத்தான் வந்தோம்னு இன்னமும் நெனச்சிக்கினுதான் இருப்பா. நானா இருந்தா அப்புடித்தான் நெனப்பேன்."

சிவராஜ் மறுபடி வந்தார். துணி இருந்த இடத்தில் என்ன வைப்பது என்று கேட்டபோது, வேணுகோபால் தறிமேல் தொங்கும் டிசைன் அட்டைகளில் பழையது ஒன்றைக் கத்தரித்துக் கொடுத்தார். கம்பி முழுசாக இறங்கவில்லை. இந்தத் தடவை திருகுகளில் மங்கை நூல் கட்டவில்லை. சிவராஜ்தான், "யக்கா, எண்ணிப் பாத்துக்கோ, நாலும் இருக்குது" என்று தானாகவே காட்டினார்.

அபி ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து, பேசியதைவிடக் குறைவாகக் கொடுத்துக் கிதாரை எடுத்துக்கொண்டு போனான். எடுத்துப்போவதற்குமுன் வேணுகோபாலை ஒருமுறை வாசிக்கச் சொன்னான். அவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். கூரை பாதிக்கு மாறியது. தறிக்கு மேலே இருக்கும் பாதி. சத்தம் மறுபடி தொடங்கியது. அடுத்த ஆண்டு எனக்கு வேலை மாறி ஊரைவிட்டு வந்தேன்.

வேணுகோபாலுக்கு இப்போது ஒரு காது கேட்பதில்லை, நெய்கிறார். மங்கையர்க்கரசியும் நெய்கிறார். எதிலும் நூல் கட்டுவதில்லை என்று ஜீவிதா சொன்னாள். கணவரோடு பேச்சு, வேண்டிய அளவுக்கு மட்டும். சிவராஜ் மைக் செட்டை மகனிடம் விட்டுவிட்டார். ஜீவிதாவுக்குப் போன தை மாதம் கல்யாணம். நான் போயிருந்தேன். துர்காதேவி மண்டபத்துக்கு வந்தார், மொய் எழுதினார், பந்தியில் சாப்பிட்டார். வீட்டுக்கு வரவில்லை.

கைகழுவும் இடத்தில் என்னை அடையாளம் கண்டுகொண்டார். அந்தப் பட்டு பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டேன். நீங்கள் வந்துபோன அடுத்த மாதமே, தெருவில் வந்த பழைய ஜரிகைக்காரனிடம் போட்டுவிட்டேன் என்றார். கூட ஒரு பழைய சேலையும் போட்டாராம். மாட்டுக்குத் தவிடு கலக்க ஒரு பச்சை வாளி கொடுத்தானாம்.